சிந்தக் கூடாது

அந்தச் சீட்டுல உட்காராதம்மா. காலையில ஒரு ஆளு அதுல வாந்தி எடுத்தாரு. துடைச்சாங்க, துடைக்கலைன்னு நான் சொல்லல. ஆனா ஒரே ஒரு ஈரத்துணி. அதே துணியால தரை, அதே துணியால சீட்டு, போற வழியில அதே துணியால அந்த தண்ணி கேன் மேல ஒரு இழுப்பு. நான்தான் பார்த்துக்கிட்டே இருந்தேனே. இங்கிட்டு வா. இது நான் துடைச்ச சீட்டு. உட்காரு.

யாருக்கு? அந்தா தூண் ஓரமா உட்கார்ந்திருக்காரே, அப்பாவுக்கா? தலையிலயா? அதே கட்டிதானா, அந்த வேகமா வளருற கட்டி? ஆபரேஷன் முடிஞ்சிருச்சா? சரி சரி. ரேடியேஷன் கரண்டும் வச்சாச்சா. இப்ப மூக்கு மருந்துக்குச் சேர்த்திருக்காங்களா? இன்னைக்குத்தான் மொதல் பாட்டில் தர்றாங்களா! அப்ப நீ சரியான ஆளு பக்கத்துலதான் வந்து உட்கார்ந்திருக்கே. இந்த மருந்தைப் பத்தி இங்க இருக்குற டாக்டருங்களை விட எனக்குத்தான் கூடத் தெரியும். நாலு மாசம் என் கையால குடுத்திருக்கேன்.

அந்தா, வீல்சேர்ல ஃபேனையே பார்த்துக்கிட்டு இருக்காகளே, அவுகதான் எங்க வீட்டுக்காரக. தவசிலிங்கம்னு பேரு. ராஜபாளையத்துல நூல் மில்லுல முப்பத்தோரு வருஷம். நான் ராஜகனி. சத்துணவு அமைப்பாளரா இருந்து போன வருஷம்தான் ரிட்டையர் ஆனேன். நம்ம பேசுறது அவுகளுக்கு எல்லாம் கேக்கும். புரியும். திருப்பிப் பேசத்தான் வராது. கட்டி இடது பக்கம், பேச்சு இருக்குற இடத்துல. அஞ்சாறு வார்த்தைதான் மிச்சம் இருக்கு. ஆமா, இல்ல, வேணாம், தண்ணி, அப்புறம் கனின்னு என் பேரு. அதுவும் நினைச்ச நேரத்துக்கு வராது.

இன்னைக்கு ஸ்கேன் பார்த்துட்டு நிறுத்திருவோம்னுட்டாங்கம்மா. கட்டி மறுபடி வளர்ந்திருச்சாம். "உங்க வீட்டுக்காரருக்கு இந்த மருந்து வேலை செய்யலம்மா"ன்னாரு டாக்டரு. ஆராய்ச்சியில இருந்து பேரை எடுக்கணுமாம், அதுக்கு ஒரு கையெழுத்து வேணுமாம். பேப்பர் வரணும்னு உட்கார வச்சிருக்காங்க. ஒரு மணி நேரமாச்சு.

பயப்படாத. உங்கப்பாவுக்கு வேலை செய்யும். மருந்து நல்ல மருந்து. மருந்து மேல ஒரு தப்பும் இல்ல. எங்களுக்கு அதைக் கெடுத்தது எங்க நாத்தனா சீனித்தாய். கேளு, சொல்றேன். உங்க வீட்டுலயும் ஒரு சீனித்தாய் இருப்பா, நீ உஷாரா இருந்துக்கிறணும்.

எங்க வீட்டுக்காரகளுக்குப் பொடி போடுற பழக்கம். மூக்குப்பொடி. மில்லுக்குள்ள பீடி குடிக்கக் கூடாது, பஞ்சுல தீப் பிடிச்சிரும். அதனால அங்க அத்தனை பேரும் பொடி. எனக்கு அது தெரியாது. கல்யாணம் ஆன மறுநாள் காலையில எந்திரிச்சுப் பார்க்கேன், தலையணை உறையில பழுப்பா, ஈரமா, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. எனக்கு என்னன்னு புரியல. தொட்டுப் பார்த்துட்டேன். சீ. அன்னைக்குப் பூரா சோறு இறங்கல. இன்னைக்கு நினைச்சாலும் கொமட்டுது. அவுக என்னடான்னா சிரிக்காக. "பொடி கனி, வெறும் பொடி"ங்காக.

வெறும் பொடியாம். முப்பத்தஞ்சு வருஷம் அந்த வெறும் பொடியைத் துவைச்சவ நான். கைக்குட்டையை வாளியில போட்டா தண்ணி டீத்தண்ணி மாதிரி ஆயிரும். குச்சியால எடுத்துத்தான் அலசுவேன், கையால தொட மாட்டேன். ஊர்ல எல்லாப் பொம்பளைகளும் புருசன் குடிக்கான், அடிக்கான்னு அழுவாளுக. எங்க வீட்டுக்காரக குடிச்சதும் இல்ல, ஒரு சுடுசொல் சொன்னதும் இல்ல. தங்கமான மனுசன். மூக்கு மட்டும்தான். அதை நினைச்சா எனக்குக் கிட்டப் போகத் தோணாது. ஒரே வீட்டுல ஆளுக்கு ஒரு ரூம்ல படுத்தோம், பிள்ளை பிறந்ததுக்கப்புறம். சாப்பாடு வைக்கையில தள்ளி நின்னுதான் வைப்பேன். அவுகளுக்கே தெரியும். தும்மல் வந்தா எந்திரிச்சு வாசலுக்குப் போயிருவாக, நான் முகத்தைச் சுளிப்பேன்னு.

நான் அப்படித்தாம்மா. எனக்குச் சுத்தம் வேணும். இருபத்தெட்டு வருஷம் நூத்தி நாப்பது பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டிருக்கேன். ஒரு பிள்ளைக்கு வயித்தால போனதில்ல. கலெக்டரம்மா திடீர்னு வந்து நின்னப்ப, அண்டாவுக்கு அடியில விரலை விட்டுத் தேய்ச்சுப் பார்த்துட்டு, "என் வீட்டு அடுப்படிகூட இப்படி இல்ல"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. வரிசையில தட்டைத் தூக்கிக்கிட்டு வர்ற பிள்ளைககிட்ட நாள் பூரா என் வாயில ஒரே பாட்டுதான். சிந்தாத, சிந்தாத, சாம்பாரைச் சிந்தாத, பருப்பைச் சிந்தாத. அங்க ஆயாவா இருந்த பொம்பளை என்னை முதுகுக்குப் பின்னால சிந்தாத டீச்சர்னுதான் கூப்பிடுவா. சொன்னா சொல்லிட்டுப் போறா.

சரி, விஷயத்துக்கு வாரேன். போன ஆடியில ஒரு நாள் சோத்தைக் காட்டி, "சாவி போடு"ன்னாக. வெளையாடுறாகன்னு நினைச்சேன். மறுநா என்னைப் பார்த்து சீனின்னாக. எனக்கு எப்படி இருக்கும்? முப்பத்தஞ்சு வருஷம் ஆக்கிப் போட்டவ பேரு மறந்து போச்சு, தங்கச்சி பேரு மறக்கல. ரெண்டு நாள் பேசல நான். மூணாம் நாள் கீழ விழுந்து கை கால் இழுத்துக்கிச்சு. அப்புறம்தான் ஸ்கேன், கட்டின்னாங்க, மதுரைக்குக் கொண்டு வந்தோம், மண்டையைத் திறந்தாங்க. முழுசா எடுக்க முடியல, வேர் விட்டிருக்குன்னாங்க.

இந்த டாக்டரு நல்லாத்தான் விளக்கினாரு, பொய் சொல்லக் கூடாது. சின்ன வயசுதான். நகம்கூட சுத்தமா வெட்டியிருந்தாரு, நான் அதைத்தான் மொதல்ல பார்ப்பேன். சொன்னாரு, "அம்மா, மூளையைச் சுத்தி ஒரு காவல் இருக்கு. ரத்தம் வழியா எந்த மருந்து போனாலும் அந்தக் காவல் வாசல்லயே நிறுத்திரும். மாத்திரை சாப்பிட்டாலும் ஊசி போட்டாலும் கட்டிக்குப் போய்ச் சேருறது கொஞ்சூண்டுதான். ஆனா மூக்கோட உச்சியில வாசனை நரம்பு இருக்கு. அது நேரா மூளைக்குள்ள போகுது. அந்த வழியில காவல் குறைவு. இந்த மருந்து அந்த வழியா போய், கட்டியோட செல்லை மட்டும் தேடிப் பிடிக்கும். புதுசா பார்த்துக்கிட்டிருக்கோம், உறுதி சொல்ல முடியாது, சேரணுங்கிற கட்டாயமும் இல்ல"ன்னாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாரு. இந்த உலகத்துல எந்த வழியும் இல்ல, அவுக மூக்குதான் வழி! நான் எதைப் பார்த்து முப்பத்தஞ்சு வருஷம் தள்ளி நின்னேனோ அந்த மூக்கு!

சேர்ந்தோம். வேற என்ன செய்ய. வேற ஒண்ணும் இல்லைன்னு அவரே சொல்லிட்டாரே. "பொடியை அறவே விட்டிரணும்"னாரு. அது ஒண்ணுதான் எனக்கு அந்த வருஷத்துல கிடைச்ச சந்தோஷம். வீட்டுக்குப் போய் பொடி டப்பாவை இடுக்கியால எடுத்துக் கக்கூஸ்ல போட்டு மூணு வாளி தண்ணி ஊத்தினேன்.

அப்புறம் ஒரு பொண்ணு, கவுன்சிலிங் குடுக்குற பொண்ணாம், எப்படி மருந்து குடுக்கணும்னு சொல்லித் தர கூப்பிட்டுச்சு. நான் பாதியிலதான் போய்ச் சேர்ந்தேன். ஏன்னா அதுக்கு முன்னாடி பாத்ரூமுக்குப் போயிருந்தேன். ஐயோ அந்த பாத்ரூம். பேஷன்டு மண்டையைத் திறக்கத் தெரியுது, ஒரு குழாயை அடைக்கத் தெரியல. தரை பூரா தண்ணி, அதுல மிதக்குது, என்னன்னு சொல்ல மாட்டேன், நீ சாப்பிட்டிருப்ப. நேரா சூப்பர்வைசர்கிட்ட போய்ப் பிடிச்சேன் ஒரு பிடி. இருபது நிமிஷம். அவன் கையாலயே வாளி தூக்க வச்சிட்டுத்தான் வந்தேன். வந்து பார்த்தா அந்தப் பொண்ணு தன் மூக்கைத் தொட்டுத் தொட்டு அவுககிட்ட என்னமோ சொல்லிக்கிட்டிருக்கு. அவுக தலையைத் தலையை ஆட்டுறாக. நான் போனதும், "எல்லாம் இதுல இருக்கு அம்மா"ன்னு ஒரு பேப்பரைக் குடுத்துருச்சு. படிச்சேன். மருந்தைப் புகையா அடிக்கிற மெஷினை எப்படி மாட்டணும்னு நான் ஒரே தடவையில பிடிச்சுக்கிட்டேன்.

அந்தப் பேப்பர்ல தமிழ்னு ஒண்ணு எழுதியிருந்தாங்க பாரு. அஞ்சாப்புப் பிள்ளை இதை விட நல்லா எழுதும். எனக்கு மனப்பாடம். "மருந்து செலுத்தும் முன் கைகளைக் கழுவவும்." நியாயம். "தலையைப் பின்னால் சாய்க்கவும்." சரி. "குப்பியைக் குளிர்ந்த இடத்தில் வைக்கவும்." சரி. "மருந்து செலுத்திய பின் முப்பது நிமிடங்களுக்குச் சிந்தக் கூடாது." இதைக் கேளு. மருந்து உள்ள போயிருச்சு. பாட்டில் காலி. காலிப் பாட்டில்ல சிந்துறதுக்கு என்ன இருக்கு? எழுதினவன் மூளையத்தான் மொதல்ல ஸ்கேன் எடுக்கணும்.

ஆனா சொன்னா சொன்னபடி செய்யணும்ல, ஆராய்ச்சியில்ல? ஒருவேளை அடியில ரெண்டு சொட்டு ஒட்டியிருக்கும், அது விஷமோ என்னமோ, யார் கையிலயும் படக் கூடாதுன்னு சொல்றாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். ஒரு எவர்சில்வர் போகிணியை அதுக்குன்னே ஒதுக்கி வச்சேன். மருந்து குடுத்து முடிச்சதும் பாட்டிலை அதுல நேரா நிறுத்தி, மேல தட்டை மூடி, அரை மணி நேரம் அந்தப் பக்கம் ஈ காக்கா போகக் கூடாது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன் பக்கத்துல. நாலு மாசத்துல ஒரு சொட்டு சிந்தினதில்லம்மா. ஒரு சொட்டு. போன மாசம் காலிப் பாட்டில் எல்லாத்தையும் இங்க கொண்டு வந்து அடுக்கினேன். அந்த நர்ஸு எண்ணிப் பார்த்துட்டு, "எந்த வீட்டுலயும் இவ்வளவு ஒழுங்கா குடுத்ததில்ல"ன்னு டாக்டர்கிட்டயே சொல்லுச்சு.

மருந்து குடுக்குறதுல சங்கடம் என்னன்னா ஒழுகும். நான் முன்னாடியே சொல்லிடுறேன், நீ மனசைத் திடப்படுத்திக்கோ. மெஷினை மூக்குல வச்சா புகை மாதிரி உள்ள போகும், ஒரு கால் மணி நேரம். எண்ணெய்ப் பசையா, பூச்சி உருண்டை மாதிரி ஒரு வாடை. எடுத்த உடனே மூக்கு ஓரமா மினுமினுன்னு கசிய ஆரம்பிக்கும். அப்படியே மேலுதட்டுக்கு இறங்கும். அவுக பேசாம மல்லாக்கச் சாய்ஞ்சு படுத்துக் கிடப்பாக, அது பாட்டுக்கு வடிஞ்சுக்கிட்டு இருக்கும். எனக்கு மொத நாளு அதைப் பார்த்ததும் அந்தத் தலையணை உறைதான் ஞாபகம் வந்துச்சு. உடம்பெல்லாம் கூசிருச்சு.

ஆனா விட்டுட்டு ஓடலம்மா. அதைச் சொல்லணும். முப்பத்தஞ்சு வருஷம் தள்ளி நின்னவ, அன்னைக்குக் கிட்டப் போனேன். வேற யாரு இருக்கா? மகன் குவைத்துல. பழைய வேட்டியைக் கிழிச்சு, சதுரம் சதுரமா வெட்டி, வெந்நியில போட்டுக் காய வச்சு, அடுக்கி வச்சிருந்தேன். ஒண்ணை எடுத்து மூக்கைப் பிடிச்சு, "சிந்துங்க"ன்னேன். நல்லாச் சிந்தி எடுத்துட்டா அப்புறம் ஒழுகாதுல்ல? முகத்தைத் துடைச்சுவிட்டு நிமிர்த்தி உட்கார வச்சா ராசா மாதிரி இருப்பாக. துணியைத் துவைக்கிறதெல்லாம் கிடையாது, கொல்லையில போட்டுக் கொளுத்திருவேன். ஒரு நாளைக்கு நாலு வேளை, நாலு துணி.

மொத பத்து நாளு என்ன முரண்டு பிடிச்சாகங்கிறே! தலையைத் திருப்பிக்குவாக. இடது கையால மூக்கைப் பொத்திக்குவாக, சின்னப் பிள்ளை மாதிரி. "வேணாம், வேணாம்"பாக. வராத பேச்சுல அந்த ஒரு வார்த்தை மட்டும் தெளிவா வரும். ஒரு நாளு என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. கண்ணுல தண்ணி. எனக்குக் கோவம் வந்துருச்சு. "இந்த வயசுலயும் இந்தச் சீக்குலயும் உங்களுக்கு அழுக்குதான் பெருசா? ஒழுகவிட்டுக்கிட்டுப் படுத்திருக்கணும், அதை நான் பார்த்துக்கிட்டு இருக்கணும், அதானே?"ன்னு கத்திட்டேன். அன்னைக்கோட கையை எடுத்துட்டாக. அதுக்கப்புறம் ஒரு தகராறும் இல்ல. நான் துணியை நீட்டினா போதும், அவுகளே சிந்திருவாக. எப்படி வழிக்குக் கொண்டு வந்தேன் பார்த்தியா?

இந்த நேரத்துல வந்தா சீனித்தாய். அண்ணனைப் பார்க்கணுமாம். வந்தவ செருப்பைக் கழட்டினதோட சரி, காலைக் கழுவல. பஸ்ஸுல கம்பியைப் பிடிச்ச அதே கையால அண்ணன் மூஞ்சியைத் தடவுறா, நெட்டி முறிக்கா. மத்தியான மருந்து குடுக்கும்போது பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா. நான் துணியை எடுத்தேன். உடனே, "மதினி, அண்ணன் மூஞ்சி ஒரு மாதிரி ஆகுதே. மருந்து உள்ள கொஞ்ச நேரம் இருக்கட்டுமே, ஏன் உடனே சிந்தச் சொல்றீங்க?"ங்கா. பாரு, எட்டாங்கிளாஸ் பெயிலு, எனக்கு வைத்தியம் சொல்லித் தாரா! அழுக்குக்கு அழுக்கு வக்காலத்து. அண்ணனும் தங்கச்சியும் ஒரே வளர்ப்புதானே. "நீ பாத்திரத்தைக் கழுவு, போதும்"னு அனுப்பிட்டேன்.

அவ போனதுக்கப்புறம் படுக்கையை உதறினா, தலையணைக்கு அடியில பொடி மட்டை! வாழைச்சருகுல மடிச்சு, நூல் கட்டி, புது மட்டை. எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. அப்படியே ஓடினேன். அவ பஸ் ஸ்டாப்புக்குக்கூடப் போய்ச் சேரல. நடுத்தெருவுல வச்சுக் கேட்டேன் கேள்வி. "உங்க அண்ணனைக் கொல்லவாடி வந்தே?"ன்னேன். "மோந்து பார்க்கட்டும்னுதான் மதினி வச்சேன். கட்டுகூடப் பிரிக்க வேணாம், வாசனை போதும்னு சொல்லித்தான் வச்சேன். மில்லுல இருந்த நெனப்பு வந்து ரெண்டு வார்த்தை பேசாதான்னு"ன்னு அழுதா. நடிப்பு. அந்த மட்டையை அவ மேலயே விட்டெறிஞ்சேன். தெருவே வேடிக்கை பார்த்துச்சு. இனிமே என் வாசப்படி மிதிச்சே, காலை ஒடிச்சிருவேன்னேன். மூணு மாசமாச்சு, வரல. இவுக அப்பப்ப வாசலைப் பார்த்து சீனி சீனிம்பாக. நான் காதுல வாங்க மாட்டேன்.

இன்னைக்கு டாக்டர்கிட்ட இதை அப்படியே சொன்னேன். "பொடி போட்டுருக்காகய்யா, அவ இன்னும் எத்தனை மட்டை குடுத்தாளோ, அதான் மருந்து பிடிக்கல"ன்னேன். அவரு என்னடான்னா, "பிரிக்காத ஒரு மட்டையினால இப்படி ஆகாதும்மா. நீங்க ஒரு வேளைகூடத் தவறாம குடுத்திருக்கீங்க, உங்க மேல குறையே இல்ல. மருந்து முழுசாப் போயும் கட்டி கேக்கல. இதையும் நாங்க எழுதி வைக்கணும்"ங்காரு. எழுதட்டும். என்னமும் எழுதட்டும். எனக்குத் தெரியும் யாரு கெடுத்ததுன்னு.

அதனால உனக்குச் சொல்றேன். சொந்தக்காரங்களை அண்ட விடாத. பாட்டிலைச் சிந்தாத. முடிஞ்ச உடனே உங்கப்பாவை நல்லாச் சிந்த வச்சிரு. ரெண்டு பக்கமும். ஒழுக விட்டேன்னு வையி, உன்னால சாப்பிடவே முடியாது.

என்ன? என்னம்மா அப்படிப் பார்க்கே?

சிந்தக் கூடாதா? ஆமா, அதைத்தானே நானும் சொல்றேன், பாட்டிலை...

மூக்கையா?

யாரு சொன்னா? இப்பவா? உள்ள அந்தப் பொண்ணா சொல்லுச்சு? அது என்ன பேப்பரு, எங்க, குடு. எங்களுக்குக் குடுத்தது இது இல்லையே. இது வழுவழுன்னு கலர்ல இருக்கு. எங்களுக்குக் குடுத்ததுல படமெல்லாம் இல்ல. இரு, கண்ணாடி போட்டுக்கிறேன்.

ஒரு ஆளு துணியை வச்சு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இருக்கான். அவன் மேல செகப்புல பெருக்கல் குறி. கீழ... "மருந்து செலுத்திய பின் முப்பது நிமிடங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. சிந்தினால் மருந்து வெளியேறிவிடும்."

மூக்கைச் சிந்தக் கூடாது.

அப்படின்னா மூக்கைன்னு எழுதியிருக்க வேண்டியதுதானே! எழுத வேண்டியதுதானேம்மா! ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை எழுத இவனுகளுக்குக் கை வலிக்குதா? சிந்தக் கூடாதுன்னா நான் என்னன்னு நினைப்பேன்? இருபத்தெட்டு வருஷம் சோத்தையும் சாம்பாரையும் சிந்தாம பார்த்தவகிட்ட சிந்தக் கூடாதுன்னா, அவ பாட்டிலைத்தானே பிடிச்சுக்கிட்டு உட்காருவா? இப்ப மட்டும் எப்படிப் படம் போட்டாங்க? வேற எவளோ என்னை மாதிரி செஞ்சிருப்பா, அதைக் கண்டுபிடிச்சு மாத்தியிருப்பாங்க. எங்களுக்கு ஒரு போன் போட்டுச் சொன்னாங்களா?

வெளியேறிவிடும்.

ஒரு நாளைக்கு நாலு வேளை. நாலு மாசம். நான் கொல்லையில வச்சுக் கொளுத்தினேனே.

இரும்மா. என் கையை விடு. ஒண்ணும் இல்ல எனக்கு. தண்ணியெல்லாம் வேணாம், அந்தக் கேன் தண்ணியா, அதுல குடிக்கவா... இல்ல. இரு. அந்தப் பொண்ணு அன்னைக்கு மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டுச்சே. இவுக தலையை ஆட்டினாகளே. நான் கண்ணால பார்த்தேனே.

ஏங்க. இங்கிட்டு பாருங்க. ஃபேனைப் பார்த்தது போதும், என்னைப் பாருங்க. நான் கேக்கதுக்கு ஆமா, இல்லன்னு சொல்லுங்க. அந்தப் பொண்ணு உங்ககிட்ட மூக்கைச் சிந்தக் கூடாதுன்னு சொல்லுச்சா?

ஆமாங்காக. கேட்டியாம்மா? ஆமாங்காக.

சிந்தினா மருந்து போயிரும்னும் சொல்லுச்சா? ... அதுக்கும் ஆமா. அப்ப உங்களுக்குத் தெரியும். எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் மொத பத்து நாளு மூக்கைப் பொத்தினீங்க, என்னா? அது சரி, அது புரியுது. அப்புறம்? அப்புறம் ஏங்க சிந்துனீங்க? நான் துணியை நீட்டுனா நீங்க பாட்டுக்கு ஏங்க சிந்துனீங்க? உசிரைக் காப்பாத்துற மருந்துன்னு தெரியும்ல? துணியைப் பிடுங்கி எறிஞ்சிருக்க வேண்டியதுதானே? என்னை ஒரு அறை அறைஞ்சிருக்க வேண்டியதுதானே? சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க, வரும். நான் இருக்கேன், சொல்லுங்க.

என்ன? கனி... ம், சொல்லுங்க.

"கனிக்கு... அசிங்கம்... கனி பாவம்"ங்காகம்மா.

நான் பாவமாம்.

நாலு மாசம் நான் கத்துவேன்னு, நான் முகத்தைச் சுளிப்பேன்னு, எனக்கு அருவருப்பா இருக்கும்னு... அந்த மருந்தை... சீ. நானெல்லாம் என்ன பொம்பளை. அந்தச் சீனித்தாய் சொன்னாளே, கொஞ்ச நேரம் இருக்கட்டும் மதினின்னு. அவளைப் போயி நடுத்தெருவுல...

கூப்பிடுறாங்க. "தவசிலிங்கம் கூட வந்தவங்க யாரு?" நான்தான் சிஸ்டர். வாரேன். இல்ல, கையெழுத்துப் போடல. போட மாட்டேன். டாக்டரைப் பார்க்கணும், அந்தப் பேப்பர்ல அவரு எழுதுனது தப்பு. மருந்து முழுசாப் போகல சிஸ்டர். போகவே இல்ல. இருங்க, வாரேன்.

ஏம்மா, இப்ப சொன்னா மறுபடியும் மொதல்ல இருந்து குடுப்பாங்களா? கட்டி வளர்ந்திருச்சே, குடுப்பாங்களா? உனக்கு எப்படித் தெரியும், பாவம், நீயே இன்னைக்குத்தான் வந்திருக்கே. ஒண்ணு செய்யிறியாம்மா? உங்கப்பாவை ஒரு அஞ்சு நிமிஷம் உட்காரச் சொல்லிட்டு என்கூட உள்ள வா. எனக்கு வாய் வராது. நான் பேச ஆரம்பிச்சா அவங்க தமிழைத்தான் திட்டுவேன், பாத்ரூமைத் திட்டுவேன், எனக்கு என்னைத் தெரியும். நீ சொல்லு. இந்தம்மாதான் ஒவ்வொரு வேளையும் சிந்த வச்சிருக்காங்க, அவரு வேணாம்னாராம், இவங்கதான் விடலன்னு, அப்படியே சொல்லு. நான் இவுக வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்து பக்கத்துல நிக்கிறேன்.